பட்டியலில் முப்பத்திரண்டாவது பெயர்

அன்புள்ள பிரேமாவதி அக்காவுக்கு,

அலோர் ஸ்டாரிலிருந்து தம்பி பரஞ்சோதி எழுதுவது. நான் சௌக்கியம். சுங்கைப் பட்டாணியில் அத்தானின் முழங்கால் இப்போதாவது படி ஏற விடுகிறதா? ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவீர்கள், ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் இலாகாவில் போன மாதம் முப்பத்தொரு பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை எல்லாம் சரிபார்த்து, ஆளுக்கொரு கோப்பு திறந்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நானோ இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவன், கண்ணும் மங்கல், ஏற்றிக்கொண்டே வந்ததில் கை தவறி முப்பத்திரண்டாவதாக என் பெயரே விழுந்துவிட்டது. மறுவாரம், 'புதிய ஊழியர் பரஞ்சோதி மூன்று நாள் பயிற்சிக்கு பாலிங் ஊருக்கு வரவும்' என்று கடிதம் வந்தது. அரசாங்க உத்தரவாயிற்றே, மீறலாமா என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே எங்களை வட்டமாக உட்காரவைத்து, இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றார்கள். எது போட்டாலும் சரி என்றேன் அக்கா. என் குணசுந்தரி போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருடத்தில் வீட்டில் அதைக் கேட்க ஆளில்லையே. மதியம் தட்டோடு ஒரு மூலைக்குப் போனேன். ஃபாத்தின் என்று ஒரு மலாய்ப் பெண், புதிதாகச் சேர்ந்தவள், என் தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏன் அங்கிள் தனியா? எங்க மேசைக்கு வாங்க லா."

மூன்று நாளும் அந்த மேசையில்தான் சாப்பிட்டேன். இரண்டு கிலோ கூடியிருப்பேன்.

திரும்பி வந்ததும் எங்கள் அதிகாரி சாஃபியா கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. புதுசா சேர்ந்தவங்க லிஸ்ட்ல எப்படிண்ணே உங்க பேரு?"

"டைப் பண்றப்ப தவறிடுச்சும்மா."

பட்டியலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரிண்ணே, நீங்களே அழிச்சிடுங்க."

அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கோப்புகள் மட்டும் என் அலமாரியில் இருக்கின்றன. சில சமயம் எடுத்துப் படம் ஒட்டியிருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு வைப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தம்பி பரஞ்சோதி

பி.கு.: கை தவறவில்லை அக்கா. கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. என் அடையாள அட்டையை எடுத்து முன்னால் வைத்து, எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துத்தான் ஏற்றினேன். அத்தானிடம் சொல்ல வேண்டாம்.