மூக்கில் படாமல் அழுவது

"அழலாங்களா?" என்று வெண்ணிலா போனில் கேட்டாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சற்று யோசித்தாள். "எவ்வளவு நேரம் அழுவீங்க?"

"மாமியார் இறந்துட்டாங்க."

"அப்பக் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அழுங்க. மூக்கைச் சிந்தக் கூடாது. எதுலயும் இடிச்சுக்கக் கூடாது. ரெண்டாவது ஆபரேஷன், ஞாபகம் இருக்கட்டும். மூணாவதுக்கு வழியில்லை."

"மூக்கு மரக்கட்டையாட்டம் இருக்குதுங்க. மேல் உதடுகூட அசைய மாட்டேங்குது."

"விலாவுல இருந்து குருத்தெலும்பு எடுத்து வச்சிருக்கு. இளகறதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

ஜீப் மாரமங்கலத்து மலைப்பாதையில் குலுங்கியது. வெண்ணிலா கைப்பையை மூக்குக்கு முன்னால் அரணாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவன் தனபால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா செத்துக் கெடக்குது. நீ மூக்கு ராமாயணம் பாடற."

"உங்கம்மாவாலதான இந்த மூக்கே."



ஒன்பது வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது தனபாலின் அம்மா ஆராயி சொன்னாள்: "புள்ள லட்சணந்தான். மூக்குதான் சித்த சப்பை." சொல்லிவிட்டுக் காபியை முழுதும் குடித்தாள். வெண்ணிலா அதை மறக்கவில்லை. ஏற்காட்டு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்ததும் மூக்கை அறுத்து நிமிர்த்திக்கொண்டாள். ஆறே மாதத்தில் அது இடப்பக்கம் சாய்ந்தது. நான்கு வாரத்துக்கு முன்னால் மறுபடி அறுத்தார்கள்.

ஒரே மூக்கை இரண்டு தடவை அறுத்ததாக ஊரில் சொல்ல முடியாது. தனபால்தான் வழி கண்டுபிடித்தான். "நெஞ்சுல ஆபரேஷன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன். தழும்பும் அங்கதான இருக்குது." போனில் கேட்ட ஆராயி "ம்" என்றாள். வைத்துவிட்டாள். ஒரு நாளும் பார்க்க வரவில்லை. வெண்ணிலா அதையும் மறக்கவில்லை.

இன்று காலை காபிக்கொட்டை காயவைக்கும் களத்தில் மயங்கி விழுந்த ஆராயி எழுந்திருக்கவில்லை.

வீட்டு முன்னால் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள். மருமகளைக் கண்டதும் வட்டம் திறந்தது. முதலில் வந்தவள் ஆராயியின் தங்கை அத்தாயி. உடம்புக்கு மீறிய பெரிய தலை அவளுக்கு.

"அக்கா போயிட்டாளே கண்ணு" என்று பாய்ந்தாள்.

வெண்ணிலா ஓரடி விலகினாள். அத்தாயி பந்தல்காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதாயிற்று.

"கட்டிக்கக்கூட மாட்டேங்கறா" என்றது ஒரு குரல்.

வெண்ணிலா முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். மூக்குக்குக் காவல், அழுவது போலவும் இருக்கும் என்று நினைத்தாள். நாத்தனார் கலா எதிரில் வந்து நின்றாள்.

"எங்கம்மா காலையிலதான் செத்துச்சு அண்ணி. அதுக்குள்ள நாறுதுங்களா?"

முந்தானை இறங்கியது. வெண்ணிலா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை. முகத்தையாவது கோணலாக்கலாம் என்றால் கண்ணுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. விருந்தாளியிடம் ஆதார் கார்டு கேட்கும்போது எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது முகம்.

"அழுகாட்டிப் போகுது. மூஞ்சி சுளிக்குதான்னு பாரேன்."

"மேனேஜராட்டம் உக்காந்திருக்கறா."

கலா அண்ணனைப் பார்த்தாள். "இந்த ஊட்டுப் படி இனி இவ ஏறக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

தனபால் பதறினான். "அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்குது. நெஞ்சு குலுங்குனா தையல் விட்டுப்போகும்."

பெண்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். "அடப் பாவமே. அதச் சொல்ல வேண்டாமா சாமி?" அத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நெஞ்சுல படாமப் புடிங்கடி. தலையை மட்டும் புடிங்க."

பன்னிரண்டு கைகள் தலையைப் பிடித்தன. நெஞ்சில் ஒரு விரல்கூடப் படவில்லை.

"தலை வேண்டாங்க சின்னத்தை" என்று வெண்ணிலா கெஞ்சினாள். "நெஞ்சு பரவால்லீங்க. நெஞ்சுலயே படட்டுங்க."

"துக்கத்துல ஒளறுது பாரு" என்ற அத்தாயி, தன் நெற்றியால் அவள் முகத்தில் மோதி அழ ஆரம்பித்தாள்.

டக்கென்று கேட்டது.

வெண்ணிலாவின் இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. "போச்சே," என்று அலறினாள். "எல்லாம் போச்சே."

"போச்சே" என்று வட்டம் சேர்ந்து அழுதது. கலாவும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா மேல இத்தன பாசத்த வச்சுக்கிட்டு நொம்ப நேரம் அடக்கிட்டீங்க அண்ணி."

கையை மெல்ல உருவிக்கொண்டு வெண்ணிலா வீட்டுக்குப் பின்னால் போனாள். போன் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கு நேராக இருந்தது. ரத்தம் இல்லை. நுனியை விரலால் தொட்டாள். இம்மியும் நகரவில்லை. நான்கு வாரமாகச் சபித்த அந்த விறைப்பு இன்று இனித்தது. கிழவி கடைசிவரை இதைப் பார்க்கவில்லையே என்று மட்டும் ஒரு குறை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வரக்காப்பி டம்ளரை நீட்டினாள். "குடி கண்ணு. நெஞ்சு வலிக்குதா?"

"இல்லீங்க. ஆறிப்போச்சு."

"ஆறாம என்ன," என்றாள் வெள்ளையம்மாள். "அதுக்குத்தான சேர்வராயன் சாமிக்கு நேந்துக்கிட்டு, சக்கரை ஒடம்ப வச்சுக்கிட்டு, நாலு வாரமா ஒரு வேளைக் கஞ்சியோட கெடந்தே உங்கத்தை போய்ச் சேந்தா."