பலகையைக் கொஞ்சம் பிடிப்பா

உலகத்துப் பணக்கார நாடுகள் அத்தனையையும் தனியாக எதிர்த்து நின்ற ஒரே மனிதர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருந்தார். அந்த நாடுகளுக்கு இது தெரியாது.

அவரும் எங்களைப் போல நெசவாளிதான். தெருவில் அவர் பெயர் பலகை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை அவரே மறந்திருப்பார்.

டில்லியில் ஏழை நாடுகளும் பணக்கார நாடுகளும் உட்கார்ந்து வியாபாரம் பேசிய வருடம் அது. நம் நூலை வரியில்லாமல் வாங்கும் நாடுகள் துணிக்கு மட்டும் வரி போடுவதை டீக்கடைப் பேப்பரில் படித்தார். மறுநாள் மாம்பலகை ஒன்றை அறுத்துச் சுண்ணாம்பால் எழுதினார். ‘நூலுக்கு இல்லாத வரி துணிக்கு ஏன்?’

அன்று முதல் பலகை இல்லாமல் வெளியே போனதில்லை. கருட சேவையன்று பெருமாளுக்குப் பின்னால் குடை, குடைக்குப் பின்னால் இவர். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

“என்ன சோப்பு விளம்பரங்க இது?”

“இது சோப்பு இல்ல. உலக நியாயம்.”

“எந்தக் கடைல கெடைக்குது?”

பலகை நல்ல கனம். நின்ற இடத்தில் பீடி பற்றவைக்க வேண்டுமே. “இதக் கொஞ்சம் பிடிப்பா” என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். தெருவில் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து முதுகு அரிக்கும். கை பின்னால் போய்விடும். என் கையும்தான்.

அந்த வருடம் தரகர் ஒரு சேதி கொண்டுவந்தார். கழுத்தில் சுற்றும் பட்டுத் துண்டு வாங்க வெள்ளைக்காரர் ஒருவர் வருகிறார். பிடித்துப்போனால் மழைக்காலம் முழுக்கத் தெருவுக்கே வேலை. பிடிக்காவிட்டால் தறியில் சிலந்தி நெய்யும்.

“அந்த ஆளு வாயத் தொறந்தா ஆர்டர் போச்சு” என்றார் தரகர்.

அதனால் பலகையிடம் சொன்னோம். “அண்ணே, ஐயம்பேட்டைல உங்க பேச்சக் கேக்கக் கூட்டம் காத்துக்கினு இருக்குது.” முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்.

தறியில் ஏற்றும் நீள இழைதான் பாவு. கஞ்சி தோய்த்து அதைத் தெருவில் நீட்டினால், காயும்வரை யாருக்கும் அவிழ்க்க மாட்டோம். அவிழ்த்தால் இழை ஒட்டிப் பாவே பாழ். தாசில்தார் ஜீப்பே நின்றிருக்கிறது. வெள்ளைக்காரர் பார்த்து அசரட்டும் என்று அன்று தெரு முழுக்கப் பாவு நீட்டி வைத்தோம். அவருடைய கார் உள்ளே வர வழியில்லை என்பது கார் வந்த பிறகுதான் உறைத்தது. ஓரமாக நடக்கலாம். அவர் உடம்புக்கு எங்கள் ஓரம் போதாது. தெருமுனையிலேயே நின்றார்.

ஐயம்பேட்டைக்காரர்கள் விவரமானவர்கள். கூட்டம் காஞ்சிபுரத்தில்தான் என்று பலகையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தெருமுனைக்கு வந்தார். அசையாமல் நிற்கும் வெள்ளைக்காரரைப் பார்த்தார். பெருமாளே அனுப்பிவைத்ததாக நினைத்திருப்பார்.

“கேளுங்க சார். நூலா அனுப்பினா உங்க ஊருல கதவு தொறந்துக்குது. துணியா அனுப்பினா மூடிக்குது. எங்க பேச்சுக்கு உங்க சபைல எடம் இல்ல. இது நியாயமா?”

பாவு காயும்வரை பேசினார். தரகர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர் மலர்ந்துபோய்க் கை கூப்பினார்.

“என்னய்யா சொன்ன அவர்கிட்ட?”

“நீ சொன்னதத்தான்.”

“நான் இவ்ளோ நேரம் சொன்னேன். நீ ரெண்டே வார்த்தைல முடிச்சிட்ட?”

“இங்கிலீஷ் சுருக்கமான பாஷைபா.”

வெள்ளைக்காரர் பலகையைப் பலகையோடு போட்டோ பிடித்துக்கொண்டார். ஆர்டரும் கொடுத்தார். இப்படி ஒரு வரவேற்பு எங்கேயும் கிடைத்ததில்லையாம்.

மழைக்காலம் முழுக்கத் தறி ஓடியது. “போட்டோ அந்த ஊரு சபைக்குப் போயிருக்கும். வரி எறங்கிடும்” என்று பலகை சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன் தரகர் வெறுங்கையோடு வந்தார்.

“ஆர்டர் இல்லபா. அவரு ஊருல துணிக்கு வரிய ஏத்திட்டாங்களாம். நம்ம வெல அங்க கட்டாதாம்.” கொஞ்சம் தயங்கினார். “நூலா இருந்தா வாங்கிக்கறாங்களாம்.”

எல்லோரும் பலகையைப் பார்த்தோம். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஆரம்பிப்பார், பொங்கல் வரை நிறுத்தமாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“பட்டணத்துக்கு அடுத்த பஸ் எப்பபா?”

அங்கே அந்த நாட்டு ஆபீஸ் இருக்கிறதாம். வாசலில் போய் நிற்கப் போகிறாராம்.

என் தறி காலி. வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பஸ் நிலையம் வரை கூடப் போனேன்.

பீடியை எடுத்தார். பழக்கதோஷம், பலகையை நீட்டினார். “இதக் கொஞ்சம் பிடிப்பா.” நீட்டியவரே வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார், யாராவது கிடைப்பார்களா என்று.

வாங்கினேன்.

பீடி முடிந்தது. கையை நீட்டினார். பஸ் வந்துவிட்டது. கொடுக்காமல் நான் முதலில் ஏறினேன்.

பட்டணம் வரைக்கும் பலகை என் மடியில்தான் இருந்தது. என் தோளில் சாய்ந்து அவர் நன்றாகத் தூங்கினார்.