நாலு தட்டு உள்ளே, ரெண்டு தட்டு வெளியே

கோரிமேடு, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அக்கா தனத்துக்கு, தம்பி சக்கரபாணி தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜெயசித்ராவும் உன் மருமகள் சுடர்விழியும் உடம்பளவில் நலம். காரைக்காலில் நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றால், ஆறு நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் தங்கித் தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போகிற உன் மகன் ஹரிகிருஷ்ணனைக் கேட்டால், "அம்மா பேசற நிலைமையில இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பெற்ற பிள்ளைக்கே அவ்வளவு வருத்தம்.

கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மகளுக்கு நிச்சயத் தட்டு மாற்றிவிட்டான் என்று நீ நினைப்பது நியாயம்தான். ஆனால் அக்கா, நான் கொடுத்தது நிச்சயத் தட்டே இல்லை. அது கால்சியம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு. அத்தை வந்து பக்கத்தில் நிற்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று சுடர்விழி ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீ மனசு இறங்கவில்லை என்றால் கல்யாணம் இல்லை.

சுடர்விழி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று எனக்கே போன திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரப்போகிற அன்றைக்கு என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் கோடிக்கணக்கில் இருக்கிறதாம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு, அந்தச் சவ்வில் காவல்காரன் மாதிரி ஒரு புரதம். "சேதராப்பட்டு சோப்பு கம்பெனி கேட்ல இருவத்திரெண்டு வருஷம் நின்னீங்களே, அதே உத்தியோகம்தான்ப்பா. வெளிய உப்புல இருக்கற சோடியம் முண்டியடிச்சிக்கிட்டு நிக்கும். அதுல நாலு பேர உள்ள விடும். அவங்க தள்ளிக்கிட்டு வர்ற வேகத்த வச்சே, உள்ள இருக்கற ஒரு கால்சியத்தையும் ஒரு பொட்டாசியத்தையும் வெளிய அனுப்பும்." கால்சியத்தை ஏம்மா விரட்டணும், டாக்டர் மாத்திரையா எழுதித் தர்றாரே என்று கேட்டேன். "எலும்புக்கு நல்லதுப்பா. செல்லுக்குள்ள தேங்கிட்டா தொல்ல. விருந்தாளி மாதிரி வரணும், வந்த வேலைய முடிக்கணும், கெளம்பணும்." இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காவல்காரனுக்கு உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதாம். எங்கள் கம்பெனியில் இரண்டும் எப்போதும் திறந்தேதான் கிடக்கும், பாதி சோப்பு அப்படித்தான் காணாமல் போனது, நானும் கேட்டில் நின்று எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு நின்றவனுக்கு இது மறக்காமல் இருக்க, அவளே தட்டு வைத்துக் காட்டினாள். வெற்றிலை பாக்குத் தட்டில் சுண்ணாம்பு இருக்கிறது, அது கால்சியம். வாழைப்பழத் தட்டு பொட்டாசியம். "யாராவது கேட்டா இத வச்சே சொல்லுங்கப்பா, நல்லா வருது உங்களுக்கு" என்றாள். பெற்ற மகள் பாராட்டினால் யாருக்குத்தான் தலை கனக்காது?

என் புத்தி உனக்குத் தெரியும். ஒரு குடை வாங்க மூன்று மழைக்காலம் நனைந்தவன். வந்த ஒன்பது வரனுக்கும் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லி, நான் யோசித்து முடிப்பதற்குள் அதில் இருவருக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. பத்தாவதாக வந்த பையன் சந்திரமோகன் தங்கமானவன். அவனையும் யோசிப்பதாகத்தான் இருந்தேன். பூ, தேங்காய், ஆப்பிள், லட்டு என்று நாலு தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். அவன் அப்பா நாராயணசாமி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பொண்ணு எதப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதுங்க?" என்றார். கேட்டு வாய் மூடவில்லை, ஹரி வெற்றிலைத் தட்டையும் பழத்தட்டையும் எடுத்து வந்து என் பக்கத்தில் நிற்கிறான். நான் நிலைப்படியில் ஏறி நின்று, "நான்தான் அந்தப் புரதம். நீங்க எல்லாரும் சோடியம். கொஞ்சம் நெருக்கி நில்லுங்க" என்றேன். பாவம், நெருக்கி நின்றார்கள். நாலு தட்டையும் ஒவ்வொன்றாக வாங்கி ஜெயசித்ராவிடம் உள்ளே கொடுத்தேன். கதவு விதியை மறக்காமல், உள்ளே கொடுக்கும்போது அவர்களுக்கு முதுகைக் காட்டினேன். பிறகு திரும்பி, கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் நாராயணசாமி கையில் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் சம்சாரம் "நல்ல நேரத்துலதான் குடுத்திருக்காங்க" என்று நேராக உள்ளே போய்ச் சுடர்விழி தலையில் பூ வைத்துவிட்டார்.

ஜெயசித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, தட்ட மாத்திட்டீங்க" என்றாள்.

"இல்லடி, கால்சியத்த வெளிய அனுப்பினேன்."

"எந்தப் பேர சொன்னா என்னங்க சம்பந்தி, வாங்கினது வெத்தல பாக்குதானே?" என்றார் நாராயணசாமி.

திருப்பி வாங்க முடியுமா என்று மகளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் புரதம் சில நேரம் தலைகீழாகவும் ஓடுமாம், ஆனால் அப்படி ஓடினால் கால்சியம் உள்ளே குவிந்து செல்லே செத்தாலும் சாகுமாம். உடனே சம்பந்திக்குக் காபி கலக்கச் சொல்லிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் அக்கா. வேண்டுமென்று உன்னை ஒதுக்கவில்லை. மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். உன் கோபம் ஆறி, உன் கையால் அட்சதை விழ வேண்டும் என்று காத்திருக்கும்,

தம்பி சக்கரபாணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சுடர்விழி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் சந்திரமோகனுக்கும் ஒரு வருஷமாகப் பழக்கமாம். அப்பா இதையும் யோசித்தே கெடுத்துவிடுவார் என்று அவள் உன்னிடம் அழ, "அவன யோசிக்க விடாதடி, தட்ட கையில குடுத்துடு" என்று சொன்னதே நீதானாம். தட்டுக்குப் பின்னால் ஹரியின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த போனில், வீடியோவில் நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாயாம். நாராயணசாமிக்கும் முன்கூட்டியே தெரியுமாம், நெருக்கி நிற்கச் சொன்னது மட்டும்தான் அவருக்குப் புதுசாம். நீ போனை எடுக்காதது கோபத்தால் இல்லை, என் குரலைக் கேட்டால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். இருக்கட்டும். கை வலிக்க எழுதியதால் அனுப்பியே தீருவேன். வருகிற வெள்ளிக்கிழமை நானும் ஜெயசித்ராவும் சுடர்விழியும் ஹரியும் உன் வீட்டுக்குள் நுழைகிறோம். நீயும் மாமாவும் பையோடு தயாராக இருங்கள். நாலு உள்ளே வந்தால் ரெண்டு வெளியே வந்தாக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.