மோட்டாருக்குப் பொட்டு வைத்த நாள்

மைசூர்,
விஜயதசமி இரவு.

மாமா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். நாச்சம்மாள் அத்தையிடம்கூட வேண்டாம். அத்தைக்குத் தெரிந்தால் ஹனூர் சந்தைக்கே தெரிந்துவிடும். படித்ததும் அடுப்பில் போடுங்கள். அடுப்பு அணைந்திருந்தால் மாட்டுக்குப் போடுங்கள்.

மதிப்பிற்குரிய பழனிமுத்து மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை சுலோசனாவின் மகள் பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள், அத்தை, மாடு கன்று எல்லோரும் சுகமாக இருக்கச் சாமுண்டீஸ்வரியை வேண்டுகிறேன். அடுத்த வரியில் நாங்களும் சுகமே என்று எழுத வேண்டும் என்றுதான் அம்மா எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தபோது சொன்னாள். சுகம் இல்லை மாமா. அப்பாவின் செடிகளை நான் கொன்றுவிட்டேன்.

ஆடி மாதம் வந்தபோது நீங்களே பார்த்தீர்கள். படுக்கையறையில் நான்கு வெள்ளைக் குழாய்கள், குழாய் நெடுகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் கூழாங்கல் போட்ட டம்ளரில் ஒரு செடி. மண் கிடையாது. நீல டிரம்மில் உரம் கரைத்த தண்ணீர், அதை இரவும் பகலும் வேருக்கு அனுப்ப ஒரு மீன்தொட்டி மோட்டார், வெயிலுக்குப் பதில் ட்யூப்லைட். செடிகளுக்கு அறை, எங்களுக்குக் கூடம். நீங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மண்ணில்லாம வளர்றது நகமும் மசுரும்தானுங்க மாப்ள" என்றீர்கள். அப்பா விடவில்லை. "தசரா முடிஞ்ச ஞாயித்துக்கெழமெ வாங்க மச்சான், கொத்தமல்லி கட்டுக்கட்டாத் தாரேன்" என்றார். "ஒரே கட்டுக் காட்டிப்போடுங்க, என்ற மீசையை எடுத்துப்போடறேன். இல்லீன்னா இந்தக் கூத்தெ ஏறக்கட்டிப்போட்டு வந்து எங்காட்டு மஞ்சளுக்குத் தண்ணி கட்டுங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். நீங்கள் அதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். அம்மாவும் நானும் கவனித்தோம்.

ஏனென்றால் பேக்டரியை மூடிய பிறகு நான்கு மாதம் அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இதை அம்மா உங்களுக்கு எழுதவே இல்லை. வயிற்றுவலி என்றுதான் எழுதினாள். நாங்கள் பேசினால் பதில் வராது, தட்டு வைத்தால் ஆறிப்போகும். ஒருநாள் அம்மா பாயை மாற்றிப் போட்டுப் பார்த்தாள், அப்போதாவது முகம் எங்கள் பக்கம் இருக்கும் என்று. அவரும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மூச்சுப் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பில் ஒரு கறுப்பு வட்டமே விழுந்துவிட்டது. பிறகு எங்கேயோ பழைய பத்திரிகையில் இந்த மண்ணில்லா விவசாயத்தைப் படித்துவிட்டு ஒரு காலையில் தானாக எழுந்து, "அளக்குற டேப் எங்கே?" என்று கேட்டார். நாலு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. அந்த வட்டத்தை மறைத்துத்தான் இப்போது குழாய் ஸ்டாண்டு நிற்கிறது.

நேற்று ஆயுத பூஜை. அப்பாவோடு வேலை பார்த்த லிங்கப்பன் இப்போது சாமராஜநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார். அப்பா முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். நாளை சாயங்காலம்தான் வருவார். நேற்று மட்டும் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் போனார், நேரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பு மாட்டிக்கொண்டே, "கண்ணு, நம்ம மோட்டாருக்கும் ஒரு பொட்டு வெச்சிரு. இப்ப அதுதான் நமக்கு ஆயுதம்" என்றார். நிறுத்து என்று சொல்லவில்லை மாமா. ஓட்டு என்றும் சொல்லவில்லை.

அம்மா ஊதுவத்திக் கம்பெனி பூஜைக்குப் போய்விட்டாள். நான் மோட்டாரைத் துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டேன். மாலைக்குள் மோட்டாரைத் தேட வேண்டியிருந்தது. கற்பூரம் காட்டும்போது கீழ் வீட்டு கௌரம்மா, வீட்டுச் சொந்தக்காரர்தான், உள்ளே வந்து, அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பூஜெ மாடித்மேலே மிஷின் ஓடிஸ்பாரது, மகளே!" பூஜை போட்ட மிஷினை ஓட்டக்கூடாதாம். மாவு மில்லில் ஒருவர் ஓட்டி இரண்டு விரலை விட்டாராம். எந்த இரண்டு என்றும் காட்டினார். அப்பாவும் சொல்லியிருக்கிறார், பேக்டரியில் பூஜை போட்டால் மறுநாள் மறுபூஜை வரைக்கும் மேனேஜரே வந்தாலும் மிஷினைத் தொடமாட்டார்களாம். அதனால் சுவிட்சை அணைத்தேன். மோட்டார் சத்தம் நின்றதும் அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது. எனக்கு அது பக்தி மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை மறுபூஜைக்குக் கதவைத் திறந்தேன். கொத்தமல்லி, கீரை, இரண்டு தக்காளி எல்லாம் டம்ளருக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ட்யூப்லைட் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது, அதற்குப் பூஜை போட எனக்குத் தோன்றவில்லை. மோட்டாரைப் போட்டேன். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, குடிக்க ஆளில்லை. அம்மாவிடம் கரண்ட் போய்விட்டது என்றேன். "கீழ ராத்திரி பூரா டி.வி. ஓடுச்சே" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "அந்தக் கீரையையாச்சும் கடைஞ்சிரலாமா?" என்றாள். நான் அழுதேன். அப்புறம் அவளும் அழுதாள். இன்று யானை ஊர்வலத்துக்கு நாங்கள் போகவில்லை.

அதனால்தான் மாமா எழுதுகிறேன். போனில் பேசினால் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். விடிந்ததும் முதல் ஹனூர் பஸ்ஸில் நம் ஊர் கண்டக்டர் சுப்பையாவிடம் இதைக் கொடுப்பேன். கிடைத்த உடனே உங்கள் கிணற்றோரப் பாத்தியில் நாற்பது கொத்தமல்லியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வாருங்கள். அப்பா வருவதற்குள் குழாயில் வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவர்போல் மறுபடி வந்து ஆச்சரியப்படுங்கள். உங்கள் கொத்தமல்லியிடம் நீங்களே தோற்க வேண்டும் மாமா. மீசை போனால் முளைக்கும். அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால் இந்தத் தடவை எங்களால் திருப்ப முடியாது. விஜயதசமியில் தொடங்கியது எதுவும் தோற்காது என்பார்கள். நான் பொய்யைத் தொடங்குகிறேன். பன்னிமண்டப மைதானத்தில் தசரா வெடிச்சத்தம் நின்றுவிட்டது, அம்மா கூடத்தில் தூங்குகிறாள், நான் செடிகளோடு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவற்றின் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். வாசல் வேம்புக்கும், போன மாதம் பிறந்த கன்றுக்குட்டிக்கும் என் அன்பு. உங்கள் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வேண்டும் மருமகள் பூங்கு

மாமா, யாரோ கதவைத் தட்டு

பின்குறிப்பு: விடியற்காலை மணி நாலரை. தட்டியது அப்பா. கடைசி பஸ்ஸில் வந்துவிட்டார். தோளில் ஈரச் சாக்கு, அதற்குள் சாமராஜநகரில் ஒரு தோட்டத்தில் பிடுங்கிய கொத்தமல்லி, வேரோடு. நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "உன்னால இல்ல கண்ணு. வேர் அழுகி நாலு நாளாச்சு. தெரிஞ்சுதான் பாக்காமப் போனேன்" என்றார். உண்மையா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. "அப்புறம் எதுக்குப்பா பொட்டு வெக்கச் சொன்னீங்க?" என்றேன். "மோட்டார் என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார். மூன்று பேரும் குளியலறையில் உட்கார்ந்து வேர் வேராகக் கழுவிக் குழாயில் வைத்து முடித்தோம். "உங்க மாமன்கிட்ட மூச்சு விடக்கூடாது" என்றார். பிறகு படுத்தார். நான் இரண்டு தடவை எழுந்து பார்த்தேன், முகம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஆகையால் மாமா, மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. நீங்கள் எதையும் கொண்டு வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா வாருங்கள். மீசை உங்கள் இஷ்டம். ஆனால் செடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்காதீர்கள். எவ்வளவு கழுவியும் வேரில் கொஞ்சம் மண் இருக்கிறது.