பிரசைகளுக்குக் கழிவு உண்டு

கொழும்பு மாநகரின் விலை நானூற்றைம்பது ரூபா. வரி உட்பட.

போர்த்துக்கேயர் பீரங்கி கொண்டுவந்து பிடித்து, ஒல்லாந்தர் மாதக்கணக்காய் முற்றுகை போட்டுப் பறித்து, ஆங்கிலேயர் ஒரு கையெழுத்தோடு வாங்கிய அதே நகரந்தான். மூவரும் அநியாயத்துக்குச் செலவழித்துவிட்டார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு 'தரிசன வாகினி' என்ற சுற்றுலா நிறுவனம் இந்த நகரத்தைப் பன்னிரண்டு இடங்களாகக் கூறு போட்டு, குளிரூட்டிய பஸ், ஒரு வரைபடம், ஒரு கோப்பை தேநீர் சகிதம், ஒருநாள் அனுமதி அட்டையாக விற்றது. வெளிநாட்டவருக்கு இரண்டாயிரத்து எழுநூறு. இலங்கைப் பிரசைகளுக்கு நானூற்றைம்பது. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது உண்மைதான். அதற்காகப் பிரசைகளைக் கௌரவிக்காமல் விட முடியுமா?

இந்த விலை கூடுதல் என்று கருதியவர் கொழும்பில் ஒருவர்தான். அவர் சுந்தரலிங்கம். புறக்கோட்டையில் வெங்காய மொத்த வியாபாரி. வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி வீடு. ஒரு மூட்டையை வாங்குமுன் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, மணந்து, நசித்து, இன்னொருவருக்கும் நசிக்கக் கொடுத்து, பிறகுதான் விலை கேட்பார். அப்படிப்பட்டவரிடம் ஒரு நகரத்தை மூட்டை கட்டி விற்க வந்தால் சும்மா விடுவாரா?

விடயம் ஒரு திங்கட்கிழமை குடும்ப மாநாட்டுக்கு வந்தது. தலைமை சுந்தரலிங்கம். பார்வையாளர், மனைவி பத்மாவதி. பிரேரணையைச் சமர்ப்பித்தவர் சுந்தரலிங்கத்தின் அக்கா சரோஜினிதேவி, ஓய்வுபெற்ற பூமிசாத்திர ரீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ் என்று வந்து மூன்று வாரம். கனடாவில் மகளிடம் போகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானம். மூன்று வாரத்தில் அவர் கண்ட கொழும்பு, தூதரகத்து வரிசையும், பெயர் பதியப் போன பொலிஸ் நிலையத்து வாங்கும்.

"தம்பி, முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கொழும்புத் துறைமுகம் படிப்பிச்சனான். கரும்பலகையில கண்ணை மூடிக்கொண்டு கீறுவன். ஆனா ஒரு நாளும் கண்ணால காணேல்லை. காணாததைப் படிப்பிச்சுப்போட்டன் எண்டு மனசுக்க ஒரு அரியண்டம். வெள்ளிக்கிழமை ஏறினால் இனி வாறதெண்டது இல்லை. வியாழன் பெட்டி அடுக்கவேணும். புதன்கிழமை ஒரு நாள்தான் கிடக்கு."

"அதுக்கு பஸ் ஏன் அக்கா? நூற்றிமுப்பது ரூபாய்க்கு ஓட்டோ பிடிச்சா நானே காட்டுவன்."

"ஓட்டோவில துறைமுகத்துக்குப் போய் இறங்கிப் பாருங்கோவன்" என்றார் பத்மாவதி. "பிறகு உங்களைப் பாக்க நாங்கள்தான் பொலிசுக்குச் சாப்பாட்டுப் பார்சலோட வரவேணும்."

ரீச்சர் நோட்டீசை எடுத்து விரித்தார்.

"இந்த பஸ்காரர் ஒரு ஹோட்டல் மேல்மாடியில ஏத்தித் துறைமுகத்தைக் காட்டுறாங்களாம். நோட்டீசில அஞ்சாவது இடம். தேத்தண்ணியும் உண்டு" என்றார் ரீச்சர்.

சுந்தரலிங்கம் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு இடம், நானூற்றைம்பது. ஓர் இடம் முப்பத்தேழு ரூபா ஐம்பது சதம். மியூசியத்தில் செத்த ராசாவின் கதிரை ஒன்று. அதற்கு முப்பத்தேழு ஐம்பது கொடுக்கலாமா? பத்து நிமிடம் பார்த்தால் நிமிடத்துக்கு மூன்றே முக்கால் ரூபா. "கதிரையில இருக்க விடுவாங்களோ?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு வருஷமா இஞ்ச இருக்கிறியள். என்னை ஒரு நாள் அந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்களே?" என்றார் பத்மாவதி.

"வாற கிழமை போவம் எண்டு சொன்னனான்தானே."

"அது எழுபத்திமூண்டில."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. தானும் வருவதாயிருந்தால் மூன்றாவது ரிக்கற்றுக்கு இன்னொரு மாநாடு வேண்டும் என்பதால் பத்மாவதி தாமாகவே விலகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சுந்தரலிங்கம் தரிசன வாகினியின் கந்தோருக்குப் போனார். மேசையில் இருந்தவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஐறீன். காலி வீதியில் எத்தனையோ வாடிக்கையாளரைக் கண்டவள். ஆனாலும் மொத்த வியாபாரி ஒருவர் நகரம் வாங்க வருவது அவளுக்கு முதல்தடவை.

"பிள்ளை, சாம்பிள் இருக்கோ?"

"என்ன சாம்பிள் சேர்?"

"ஒரு இடத்தைக் காட்டுங்கோ. நல்லதெண்டால் மிச்சப் பதினொண்டுக்கும் காசு கட்டுறன்."

"சேர், சிட்டிய அள்ளிக் கையில காட்ட ஏலாதே."

"சரி, அதை விடுவம். நான் கொழும்பில முப்பத்தெட்டு வருஷம். எனக்கு இது பழசு. அக்காவுக்கு முழுசு, எனக்கு அரைவாசி போடுங்கோ."

"இதில எதெது பாத்திருக்கீங்க சேர்? நான் வெட்டி விடுறேன்."

ஐறீன் பட்டியலை நீட்டினாள். சுந்தரலிங்கம் மேலிருந்து கீழே வாசித்தார். கீழிருந்து மேலே வாசித்தார். அவர் பார்த்த கொழும்பில் புறக்கோட்டை இருந்தது, பித்தப்பைக் கல் எடுத்த களுபோவில ஆஸ்பத்திரி இருந்தது, வங்கி இருந்தது, கோயில் இருந்தது. பட்டியலில் அவை ஒன்றும் இல்லை. பன்னிரண்டில் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை.

"முழுசே போடும்" என்றார், சற்று மெதுவாக.

"சிட்டிசன் ரேட் எண்டா ப்ரூஃப் வேணும் சேர்."

இந்த வார்த்தையைக் கேட்டதும் சுந்தரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கக்கத்தில் இருந்த கடுதாசிக் கோப்பை மேசையில் வைத்து அவிழ்த்தார். இருவருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு, தகப்பனுடைய பிறப்புச் சான்றிதழ், தண்ணீர் பில். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தக் கோப்பு இல்லாமல் அவர் பால் வாங்கவும் போனதில்லை. எத்தனையோ பேர் அதை எத்தனையோ இடத்தில் விரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைக் காட்டியதற்காக ஒருவர் விலையைக் குறைத்தது அன்றுதான்.

"ஐடென்டி மட்டும் போதும் சேர்."

"இல்லைப் பிள்ளை, வடிவாப் பாரும். ஒரு சந்தேகமும் வரக்கூடாது."

தலைக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது கழிவு. இருவருக்கும் நாலாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்கு வந்து, "இந்த நாட்டில பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் லாபம் கண்டனான்" என்று பத்மாவதியிடம் பிரகடனம் செய்தார்.

புதன்கிழமை பஸ் புறப்பட்டது. கழுத்தில் தொங்கவிட அட்டை தந்தார்கள். வெளிநாட்டவருக்கு மஞ்சள், பிரசைகளுக்குப் பச்சை. மஞ்சள் எட்டுப் பேர், எல்லாரும் ஜேர்மன்காரர். பச்சை இரண்டு.

முதலாவது சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஒரு சிப்பாய் ஏறி மஞ்சள்களுக்குச் சிரித்தான். பச்சைகளைப் பார்த்து, "பஹின்ன" என்றான். இறங்கச் சொல்கிறான் என்பதை அறிய சிங்களம் தேவையில்லை. கை காட்டிய விதத்திலேயே இருந்தது.

இங்கேதான் நிறுவனத்தின் தாராள மனத்தை மெச்ச வேண்டும். வெளிநாட்டவர் ஆறு மடங்கு பணம் கட்டியும் நாள் முழுக்க ஆசனத்தில் அடைந்து கிடந்தார்கள். தலைநகரின் மண்ணில் இறங்கி நடந்து, கைப்பையைத் திறந்து காட்டி, கைகளை விரித்து நின்று, மறுகரையில் மீண்டும் ஏறும் பாக்கியம் பிரசைகளுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத இந்தச் சேவைக்கு மேலதிகக் கட்டணமும் இல்லை. மியூசியத்துக்கு முன் ஒருமுறை, மியூசியத்துக்குப் பின் இருமுறை இது வழங்கப்பட்டது.

"முழங்கால் நோகுது தம்பி. ஆனாப் பறுவாயில்லை, அடுத்தது துறைமுகம்" என்றார் ரீச்சர். மூன்று இடங்களைச் சாவடித் தாமதத்தால் வழிகாட்டி வெட்டிவிட்டிருந்தார்.

பஸ் கோட்டைப் பக்கம் ஊர்ந்தபோது ரீச்சர் இலவச வரைபடத்தை விரித்தார். விரித்தவர் திடுக்கிட்டார்.

"தம்பி! இதென்ன அநியாயம்? நடுவில நிக்கிற அலைதடுப்புச் சுவரைக் கரையோட ஒட்டிப்போட்டாங்கள். அது தனிச்செல்லே நிக்கவேணும்? கப்பல் எந்த வழியால உள்ளுக்கு வாறது?"

"கப்பல்காரன் பாத்துக்கொள்ளுவான். விடுங்கோ அக்கா."

ஆனால் முப்பத்தொரு வருடம் பிழை கண்டு பழகிய கை கேட்குமா? கைப்பையிலிருந்து சிவப்புப் பேனை வந்தது. பிழையான சுவரை அடித்தார். சரியான இடத்தில் சரியான சுவரைக் கீறினார். கப்பல் வரும் வழிக்கு இரண்டு அம்புக்குறி போட்டார். வடக்குத் திசையைக் குறித்தார். பிறகு வழமைபோல ஓரத்தில் வட்டமிட்டு, பத்துக்கு நான்கு என்று புள்ளியும் கொடுத்து மடித்து வைத்தார்.

ஹோட்டலுக்கு நூறு யார் இருக்கையில் நான்காவது சாவடி. கைப்பை திறந்தது. வரைபடம் விரிந்தது.

பஸ்ஸிலிருந்த ஜேர்மன்காரர் ஒருவர் முழ நீளக் கமராவை யன்னலால் நீட்டித் துறைமுகப் பக்கத்தை வளைத்து வளைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சிப்பாய் அவருக்கு மறைக்காமல் சற்று விலகி நின்று, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்த அறுபத்தாறு வயதுப் பெண் சிவப்பு மையில் துறைமுகம் கீறியிருப்பதை மேலிடத்துக்கு அறிவித்தான்.

ஐந்தாவது இடத்துக்குப் பதிலாக ஓர் அறை காட்டப்பட்டது. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது. ரீச்சருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்ப்பு சுந்தரலிங்கம். அவருடைய சிங்களம் வெங்காயச் சிங்களம். விலை, நிறை, அழுகல் மூன்றையும் பற்றி மணிக்கணக்காய்ப் பேசும். தேசிய பாதுகாப்பு அவர் இதுவரை கையாளாத சரக்கு.

"மாத்தையா, இது என்ர சொந்த அக்கா. நல்ல இடத்துச் சாமான். ஒரு பழுதும் இல்லை" என்று ஆரம்பித்தார்.

"இதை யார் கீறச் சொன்னது?"

ரீச்சர் நிமிர்ந்து இருந்தார். "கல்வி அமைச்சு எண்டு சொல்லு. எட்டாம் வகுப்புப் பாடத்திட்டம்."

"இதற்கு முன் யாருக்காவது கீறிக் கொடுத்திருக்கிறாரா?"

"ஓம். வருஷம் நாப்பது பிள்ளையள். முப்பத்தொரு வருஷம்."

மொழிபெயர்க்க வாயெடுத்த சுந்தரலிங்கத்துக்குக் கணக்கு முந்திக்கொண்டது. ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர். வாழ்நாளில் முதன்முறையாகச் சரக்கைக் குறைத்துச் சொல்லத் தீர்மானித்தார்.

"ரெண்டு மூண்டு பேருக்கு மாத்தையா. அதுகளும் பெயில்."

அதிகாரி எழுந்து சுவரில் தொங்கிய வரைபடத்தோடு ரீச்சருடையதை ஒப்பிட்டார். அரசாங்கத்துச் சுவரிலும் அலைதடுப்பு கரையோடுதான் ஒட்டியிருந்தது. ரீச்சருடையது சரி என்பது தொலைபேசியில் துறைமுகத்தாரிடம் கேட்டுத் தெரியவந்தது. சரியாக இருந்தது மேலதிகச் சந்தேகமாகப் பதியப்பட்டது.

அதிகாரி கெட்ட மனிதரல்லர். பிளேன்ரீ வரவழைத்தார். தேநீர் உண்டு என்று நோட்டீசில் போட்டது பொய்யாகவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு, வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பினார். ஹோட்டல் அந்த வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ஒருநாள் அட்டை ஐந்து மணியோடு முடிந்திருந்தது.

"ஒருக்கா அந்த மதிலுக்கு அங்கால எட்டிப் பாப்பமே?" என்றார் ரீச்சர்.

"வாய் திறவாமல் வாங்கோ அக்கா" என்றார் சுந்தரலிங்கம்.

வியாழக்கிழமை காலை, கந்தோர் திறக்குமுன் இருவரும் வாசலில் நின்றார்கள். ஐறீனுக்கு விடயம் தெரிந்திருந்தது. அவள் விதிமுறைத் தாளை எடுத்து, குரலை இறக்கி வாசித்தாள். "பயணியின் 'சொந்தக் காரணங்களால்' தவறிய இடங்களுக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம் எண்டு இருக்கு சேர். சொறி."

"ஆர் திருப்பிக் கேட்டது? நான் கூடக் கட்ட வந்தனான்."

ஐறீன் நிமிர்ந்தாள்.

"கழிவு வேண்டாம் பிள்ளை. நாலாயிரத்து ஐந்நூறையும் எண்ணி வைக்கிறன். இண்டைக்கு ரெண்டு மஞ்சள் தாரும். ஒரு மஞ்சள் எண்டாலும் காணும். அக்கா இருந்த இடத்தில இருந்து பாத்திட்டு வரட்டும்."

கேட்ட விலைக்கு மேலே கொடுக்க சுந்தரலிங்கம் கெஞ்சியதை அவருடைய அக்கா அன்றுதான் கண்டார்.

"மஞ்சளுக்கு ஃபொரின் பாஸ்போட் காட்டணும் சேர்."

சுந்தரலிங்கம் பழக்கதோஷத்தில் கோப்பை அவிழ்த்தார். ஒவ்வொரு கடுதாசியாகப் புரட்டினார். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. மூன்று தலைமுறையும் இந்த நாட்டவர் என்று முத்திரையோடு இருந்தது. வேறு எந்த நாட்டவர் என்றும் சொல்ல அதில் ஒரு துண்டுகூட இல்லை.

"அஞ்சாறு வருஷத்தில கனடா பாஸ்போட் கிடைக்கும் அன்ரி. அப்ப வாங்க. முன் சீட்டு தாறேன்" என்றாள் ஐறீன். மனதாரத்தான் சொன்னாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு பிள்ளை" என்றார் ரீச்சர். "எழுபத்திரண்டு வயசில, இந்த நாட்டுக்காரி இல்லை எண்டு எழுதித் தந்தாப் பிறகு, இந்த நாட்டைப் பாக்க வரலாம்."

வெள்ளிக்கிழமை அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்த சுந்தரலிங்கம் கடையில் அமர்ந்து கணக்குக் கொப்பியைத் திறந்தார். வியாபாரி, எழுதாமல் விட மனம் வராது.

செலவு, இருவருக்கு ரூபா தொள்ளாயிரம். பிரசை என்பதால் பெற்ற கழிவு, நாலாயிரத்து ஐந்நூறு. வாங்கியது, பன்னிரண்டு இடம். கிடைத்தது, மியூசியம் ஒன்று. பிரசை என்பதால் போனது, துறைமுகம் உட்படப் பதினொன்று. வரவேண்டிய பாக்கி, பதினொரு இடமும், ஒரு ரீச்சரும்.

பாக்கிதாரர் பெயர் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். பெயர் தெரியாமலில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று சாவடி இருந்தன. மூன்றிலும் கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள்.