பதினோராவது பக்கம்

பதினோராவது பக்கத்தில் குப்பம்மா எழுந்து போய்விட்டாள். வாங்க வந்த கழுநீர்ப் பானையைக்கூடத் தொடவில்லை.

ஜம்புலிங்கம் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அவள் போன திக்கையே பார்த்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல கதை. அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவருக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது? குப்பம்மாவுக்குப் பிடிக்கவில்லையே.

"வரலட்சுமி! இவ இன்னா, பானைய வுட்டுட்டுப் போறா?"

மனைவி புழக்கடைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் எதிர்ல குந்திகினு ராகம் போட்டுகினு இருந்தீங்க."

ஜம்புலிங்கம் பெருமூச்சு விட்டார். அவள் மூன்றாம் பக்கத்தில் எழுந்து போனதுண்டு. ஏழாம் பக்கத்தில் போனதுண்டு. கழுநீரை விட்டுவிட்டுப் போனதில்லை. கதை அவ்வளவு மோசம் என்றுதானே அர்த்தம்?

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த அந்த நாளில் அம்பத்தூரில் நெல்லுக்குத் தரகர் இருந்தார், மாட்டுக்குத் தரகர் இருந்தார், கல்யாணத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். கதைக்கு ஜம்புலிங்கம் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு ஆறு வருஷமாக இதுதான் தொழில். ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கம் கதை எழுதுகிறவர்கள் அவரிடம் பிரதியைக் கொடுப்பார்கள். தேறுவதை எடுத்துக்கொண்டு அவர் பட்டணத்துக்கு ரயிலேறிப் பதிப்பாளர் பரந்தாமனிடம் சேர்ப்பார். வாத்தியார் கொடுத்தால் பரந்தாமன் பிரித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிடுவார். அவ்வளவு பெயர்.

"ஒரு பிரதியில நீங்க எதைப் பாக்கறீங்க, வாத்தியாரய்யா?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"தாள்ல ஒரு பக்கந்தான் எழுதணும். ஓரம் வுடணும். மூணு பக்கத்துக்குள்ள யாராச்சும் காணாமப் போவணும். அப்பறம் நடை, கட்டுக்கோப்பு, உயிர்" என்பார் ஜம்புலிங்கம். சொல்லச் சொல்ல அவரே அதை நம்பிவிடுவார்.

உண்மையில் அவர் பார்த்தது குப்பம்மாவைத்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிரதியைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதார். பரந்தாமனிடம் கொடுத்தார். பதினெட்டு பேர் வாங்கினார்கள். "வாத்தியாரே, நீங்க அழுது இன்னா பிரயோஜனம்? வாங்கறவன் அழணும்" என்று பரந்தாமன் சொன்னது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றோடு தன் கண்ணீர்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை போயிற்று. அதுவும் நியாயந்தான். யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் தாலி கட்டும்போது அழுகிற மனிதர் அவர்.

அப்போதுதான் குப்பம்மா வந்தாள். பகலில் களையெடுத்துவிட்டு, தன் பசுமாட்டுக்குக் கழுநீர் வாங்க மூன்று மணிக்குப் புழக்கடைப் பக்கம் வருவாள். ஜம்புலிங்கம் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பிரதியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பார். வாத்தியார் பழக்கம், வாய் அசையாவிட்டால் எழுத்து மண்டையில் ஏறாது. ஒருநாள் ஒரு திருடன் கதை. குப்பம்மா எதிரில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் புத்தகம் நாலு பதிப்பு போயிற்று. அடுத்தது ஒரு பி.ஏ. படித்த வக்கீல் எழுதிய ஒழுக்க நாவல். மூன்றாம் பக்கத்திலேயே பானையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். பி.ஏ.வுக்கு மரியாதை கொடுத்து அதையும் பரந்தாமனிடம் சேர்த்தார். கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.

அதற்கப்புறம் அவர் சந்தேகப்படவேயில்லை. அவளிடம் ஒரு வார்த்தை அபிப்பிராயம் வாங்க முடியாது. "எப்படி கீது?" என்று கேட்டால் சும்மா பார்ப்பாள். முகஸ்துதி தெரியாத ரசிகை! பட்டணம் போகிற கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போகும்போது புங்கமரத்துக் காக்கையெல்லாம் பறக்கும், குப்பம்மாவின் கண் மட்டும் அவர் முகத்தை விட்டு நகராது. அப்படி ஒரு கவனத்தை அவர் முப்பது வருஷ வாத்தியார் வேலையில் எந்தப் பையனிடமும் கண்டதில்லை.

வரலட்சுமி ஒரே ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவகிட்டயா படிச்சுக் காட்றீங்க? நல்லா கீது போங்க!"

"ஏன், கைநாட்டுன்னா ரசிக்கத் தெரியாதா?" என்று அவர் எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இப்போது பதினோராவது பக்கத்தில் அடிபட்ட கதை வேம்புலியுடையது. வேம்புலி வேப்பம்பட்டு ரயில் கேட்டில் காவல்காரன். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் எழுதிய நாவல். கேட்டுக்காரன், அவன் பெண்சாதி, ஆறு வயதுப் பெண் குழந்தை. ஏரி உடைத்துக்கொண்ட வருஷம் குழந்தை வெள்ளத்தில் போய்விடுகிறது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தாய்க்காரி பழக்கத்தில் மூன்று தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். மூன்றாவது தட்டை எடுக்கப் போகிறாள். எடுக்காமல் அதிலும் ஒரு பிடி சோறு வைக்கிறாள். அதுதான் பதினோராவது பக்கம்.

மறுநாள் வேம்புலி வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றான்.

"படிச்சீங்களா, வாத்தியாரய்யா?"

"நடை கீது. கட்டுக்கோப்பு கீது. பதினோராவது பக்கந்தான் உதைக்குது. ஜனங்க எய்ந்து போயிடுவாங்க."

"அந்தத் தட்டுங்களா?" வேம்புலி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். "அது நெசமா நடந்துதுங்க. எங்க ஊட்டுத் தட்டுதான்."

"நடந்ததெல்லாம் கதையாவுமாப்பா? கொயந்தைய சாவடிக்காதே. பூந்தமல்லில அத்தை ஊட்டுக்கு அனுப்பு. படிக்கட்டும்."

பிற்பாடு ஜம்புலிங்கம் தான் சொன்ன எத்தனையோ வார்த்தைக்கு வருத்தப்பட்டார். முதலில் வருத்தப்பட்டது இந்த வார்த்தைக்குத்தான்.

வேம்புலி ஒரு மாதம் கழித்துத் திருத்திக்கொண்டு வந்தான். குழந்தை பூந்தமல்லியில் அத்தை வீட்டில் சௌக்கியமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஆனால் எழுதினவன் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, தாய்க்காரி இன்னமும் மூன்று தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஜம்புலிங்கம் படித்தார். குழந்தை உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தும் தட்டு வந்த இடத்தில் அவருக்குக் கண்ணீர் வழிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். பதின்மூன்றாவது பக்கம். குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

'கொட்டாவி' என்று நினைத்துக்கொண்டார். அன்றும் பானை அங்கேயே கிடந்தது.

பரந்தாமனிடமிருந்து கடிதம் வேறு வந்துவிட்டது. நவராத்திரிக்குள் ஒரு நாவல் வேண்டும், கையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். ஜம்புலிங்கம் அவசரமாக வேம்புலியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு பக்கம் முன்னேறிகீறே. ஆனா தட்டு ஆவாது. தட்ட எடு. கொயந்தையே வாணாம். ஜனங்க இன்னா கேக்கறாங்க? சிரிப்பு! ஒரு கொரங்கு போடு."

"ரயில் கேட்ல கொரங்கு இன்னாத்துக்குங்க?"

"துப்பறியறதுக்கு."

வேம்புலி தலையைச் சொறிந்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒக்காந்தா அந்தப் பழய கதைதாங்க கையில வருது."

"பழய பிரதிய ஊட்ல வச்சிருந்தா அப்படித்தான், மனசு அதுகிட்டயே போவும். கொளுத்திட்டு ஒக்காரு. வேல தானா நடக்கும்."

இதை வெகு நாளைய அனுபவத்தில் சொல்வதுபோலச் சொன்னார். அப்படி அவர் யாருக்கும் சொன்னதில்லை, அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

பதினைந்து நாளில் குரங்கு வந்து சேர்ந்தது. அது சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு மெயில் வண்டியை நிறுத்தியது. கலெக்டர் துரையின் கோழிக்குழம்பை மோப்பம் பிடித்துக் கொலைகாரனைக் கண்டுபிடித்தது. ஜம்புலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது, கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு அசட்டுத்தனத்தை அவர் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் படிப்பார், வயிற்றைப் பிடித்துக்கொள்வார். மறுபடி படிப்பார். எதிரில் குப்பம்மாவும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மூன்று மணி நான்காயிற்று, ஐந்தாயிற்று. பொழுது சாய்ந்து, வரலட்சுமி வந்து அவள் தோளைத் தொட்டுப் பானையைக் காட்டின பிறகுதான் எழுந்தாள்.

ஆறு வருஷத்தில் அப்படி ஒரு தீர்ப்பு கிடைத்ததில்லை. மறுநாள் முதல் வண்டியில் பட்டணம் போனார்.

"எப்படி, வாத்தியாரே?" என்றார் பரந்தாமன்.

"கண்ண மூடிகினு அச்சுல ஏத்துங்க, மொதலாளி."

பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏற்றினார். நவராத்திரி போயிற்று, தீபாவளி போயிற்று, புத்தகம் போகவில்லை. வாங்கின நாலைந்து பேரும் திருப்பிக்கொண்டுவந்து கொடுத்தார்கள். தை மாதம் பரந்தாமன் ஒரு கார்டு போட்டார். 'இனிமேல் நானே படித்துக்கொள்கிறேன். தாங்கள் சிரமப்பட வேண்டாம்.'

குப்பம்மா தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாளா? அதை அவரால் நம்ப முடியவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேம்புலி வந்தான். கையில் தன் புத்தகம். அட்டையில் குரங்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது.

"வா வேம்புலி. மனசுல வச்சுக்காதே. அடுத்தது பாத்துக்கலாம்."

"அடுத்தது இல்லீங்க. இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏம்பா? உன் பேரு போட்ட பொஸ்தகம்."

"அன்னம்மாளுக்கு, எம் பொஞ்சாதிக்கு, படிச்சுக் காட்டினேங்க. நான் எழுதறது இன்னான்னு அதுக்குத் தெரியும். முய்க்கக் கேட்டுகினு இருந்துச்சு. முடிஞ்சதும், 'இதுல நம்ம கொயந்த எங்க கீது?'ன்னு கேட்டுச்சு."

ஜம்புலிங்கம் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தார், புங்கமரத்தைப் பார்த்தார்.

"மொதப் பிரதி..." என்று இழுத்தார்.

"கொளுத்திட்டேங்க. நீங்கதான சொன்னீங்க? கேட்டாண்ட ஒக்காந்து ஒவ்வொரு தாளா போட்டேன். பாசஞ்சர் வந்து போற நேரந்தான் ஆச்சு."

"மறுபடி எழுதேன். பரந்தாமன் கால்ல வுய்ந்தாச்சும் போட வைக்கிறேன்."

"வராதுங்க, வாத்தியாரய்யா. அத ஒரு தபாதான் எழுத முடியும்."

அவன் கோபமாகப் பேசியிருந்தால் ஜம்புலிங்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். கும்பிட்டுவிட்டுப் போனான். புத்தகம் துவைக்கிற கல்லின்மேல் கிடந்தது. எனக்குப் பிடித்ததே, எனக்கு அழுகை வந்ததே, நான் ஏன் அதைச் சொல்லவில்லை என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் கோபம் குப்பம்மாவின்மேல் திரும்பியது. கதையில் அப்படி என்ன குற்றத்தைக் கண்டாள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

மறுநாள் மூன்று மணிக்குக் குப்பம்மா வரவில்லை. அவள் மருமகள் சாமுண்டீஸ்வரி வந்தாள்.

"அத்தைக்குக் காய்ச்சல் சாமி. கழனித்தண்ணி நான் எத்துகினு போறேன்."

"இரும்மா." ஜம்புலிங்கம் எழுந்து வந்தார். "ஆனியில ஒரு நாளு, ஆடியில ஒரு நாளு உன் மாமியார் கழனித்தண்ணியக்கூட எடுக்காம எய்ந்து போனாங்க. கியாபகம் கீதா?"

"கீது. மாடு ரெண்டு நாளும் கத்திகினே இருந்துச்சு."

"ஏன் போனாங்க? கதையில இன்னா பிடிக்கலன்னு ஊட்ல ஏதாச்சும் சொன்னாங்களா? மறைக்காம சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கதையா?" சாமுண்டீஸ்வரி பானையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தைக்குக் காது கேக்காமப் பூட்டு பன்னெண்டு வருசமாச்சே சாமி, ஊருக்கே தெரியுமே. உங்க மூஞ்சியப் பாத்துகினுதான் குந்திகினு இருக்கும். நீங்க குஷியா கீறீங்கன்னா அதுவும் குஷியா இருக்கும், நீங்க சொணங்கிப் போனா எய்ந்து வந்துடும். அந்த ரெண்டு நாளும் நீங்க காயிதத்தப் பாத்து அயுதுகினு இருந்தீங்களாம். 'அவரு ஊட்டுக் கொயந்த ஏதோ செத்துப்பூட்ட சேதி வந்துகீது, பாவம், தனியா அயுவட்டும்'னு சொல்லி, அத்தையும் அன்னிக்கி ராத்திரி சோறு துன்னல சாமி."