இல்லாத காதிலிருந்து வந்த முடிச்சு

அலெக்சாந்திரியாவில் மழைக்காலம் வந்தால் டிராம் நிற்கும், கரண்ட் நிற்கும், கல்யாணம்கூட நிற்கும். டாக்டர் முஹாபுக்கு வரும் கூட்டம் மட்டும் நிற்காது. என் காபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கல்யாண மண்டபத்தை அவர் வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து, படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. காத்திருப்பவர்கள் எல்லாம் என் கடையில்தான் டீ குடித்தார்கள். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் இல்லை.

அவர் எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாரே, போதாதா? பழைய ஆட்கள் செய்வினை எடுக்கச் சாம்பிராணி போடுவார்கள், கறுப்புச் சேவல் கேட்பார்கள். இவர் விஞ்ஞானி. நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை நோயாளியின் தலையில் மாட்டுவார். அதில் நிறைய ஒயர், மினுக் மினுக்கென்று விளக்கு. திரையில் மூளை தெரியும். மூளையின் இடப்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி. யாரோ வைத்த செய்வினை அங்கேதான் முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறதாம். கோழி வியாபாரிக்கும் அதே இடம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியைக்கும் அதே இடம். எல்லோருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எல்லாரும் ஃபாத்திஹா ஓதுங்க!" என்பார். குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தை மண்டபமே ஓதும். ஓதி முடித்ததும் எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். தொட்டில் பழக்கம். தடவிவிட்டு நிமிர்ந்தால், நோயாளியின் இடது காதிலிருந்து டாக்டரின் விரல் ஒரு கறுப்பு நூலை உருவிக்கொண்டிருக்கும். நூல் முழுக்க முடிச்சு. பெண்கள் குலவை போடுவார்கள். கட்டணம் கிடையாது. பெட்டி உண்டு, பெட்டிக்குப் பூட்டு உண்டு.

எனக்குக் கோபம் வந்தது ரவ்யாவால். எங்கள் தெருவில் துணி தைப்பவள், கணவன் இல்லை. மகள் நிஹாலுக்கு வலிப்பு. மாத்திரை ஒழுங்காகப் போட்டுப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். போன வாரம் அம்மாவோடு மழைக்கு ஒதுங்கி என் கடைக்குள் வந்த நிஹால், வலிப்பு வந்து கொதிக்கிற பால் பானைக்குப் பக்கத்தில் விழுந்தாள். இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் முகம் வெந்திருக்கும்.

"மாத்திரை குடுத்தியா, உம்மு நிஹால்?" என்று ரவ்யாவைக் கேட்டேன். நிஹாலின் அம்மா என்று அர்த்தம், எங்கள் தெருவில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நிறுத்திட்டேன் ஹாஜி. மாத்திரை அந்த முடிச்சை இறுக்குதாம். இன்னும் ஒரே ஒரு தடவ உக்காந்தா முழுசா வந்துருமாம்."

நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. தொந்தி விழுந்தால் எங்கள் ஊரில் ஹாஜிதான். அவள் பையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, நிஹாலுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி மூளை டாக்டருக்குப் போன் போட்டேன்.

அந்த அம்மாள் பெயர் இன்ஷிராஹ். அடுத்த நாளே மழையில் நனைந்துகொண்டு வந்தார், கூடவே கணவர் பஹ்கத்தையும் கூட்டிக்கொண்டு. பஹ்கத் மேடையில் வித்தை காட்டுகிறவர். தலையையும் காதையும் சுற்றிக் கம்பளிச் சால்வை. மூளை டாக்டருக்கும் வித்தைக்காரருக்கும் எப்படிப் பொருந்தியது என்று கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் ஹாஜி," என்றார் பஹ்கத். "மனுஷன் எதைப் பாக்காம விடுறான்னு பாக்கறது. இவ அதை ஆராய்ச்சி பண்றா, நான் அதை வச்சுப் பொழைக்கிறேன்."

"இவருக்குக் கைதட்டல், எனக்கு இவரு," என்றார் டாக்டரம்மா.

மூன்று பேரும் மேலே போனோம். ரவ்யா மகளோடு முன்வரிசையில் இருந்தாள். பஹ்கத் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தலையெல்லாம் பாரமா இருக்கு டாக்டர்" என்றார். சால்வைக்கு மேலேயே தொப்பி ஏறியது. விளக்கு மினுங்கியது. சிவப்புப் புள்ளி வந்தது.

"யா அல்லாஹ்! இவ்வளவு பெரிய முடிச்சா!" என்றார் முஹாப். "ஃபாத்திஹா!"

ஓதினோம். முகத்தைத் தடவினோம். நிமிர்ந்தோம். சால்வையின் இடது ஓரத்திலிருந்து கறுப்பு நூல் வந்துகொண்டிருந்தது. குலவை.

"எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?" என்று பஹ்கத் அப்பாவியாகக் கேட்டார்.

"இடது காதுலேருந்து. மூளைக்கு வாசல் அதுதான்."

பஹ்கத் தொப்பியைக் கழற்றினார். சால்வையை அவிழ்த்தார். இடது பக்கம் காது இல்லை. மடலும் இல்லை, துவாரமும் இல்லை. வழுவழுவென்று கன்னம் மாதிரி தோல். "பொறக்கும்போதே இப்படித்தான்," என்றார்.

ஆயிற்று, குட்டு உடைந்தது என்று நான் நினைத்தேன். எங்கள் மக்களை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"அல்லாஹு அக்பர்!" என்று கத்தினார் கோழி வியாபாரி. "காதே இல்லாத இடத்துலேருந்து எடுத்துட்டாரு! இதுல்ல அற்புதம்!"

குலவை முன்பைவிட இரண்டு மடங்கு. பெட்டியில் சில்லறை விழுந்தது. முஹாபின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. "தோல் வழியாவும் வரும்," என்றார் அடக்கத்தோடு.

டாக்டரம்மா எழுந்தார். கோபப்படவில்லை.

"நூல் வெளிய வர்றதைக் கண்ணால பாத்தவங்க கை தூக்குங்க."

மண்டபம் முழுக்கக் கை.

"நல்லது. அது வெளிய வந்தப்போ அந்தக் கை எங்க இருந்துச்சு?"

தூக்கின கை தூக்கினபடி நின்றது. தலைமையாசிரியை மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "முகத்துல," என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான். நீங்க யாரும் பொய் சொல்லலை. நூல் தொங்கறதைப் பாத்தீங்க. அது எப்படி வந்துச்சுங்கறதை உங்க மூளை தானா இட்டுக்கட்டி, பாத்த கணக்குல சேத்துடுச்சு. எல்லா மூளையும் அப்படித்தான், என்னுதும்தான். இவரு வேற எங்கேயும் கை வைக்கலை, அந்த ஒரு நொடியிலதான் வச்சாரு. நீங்க அல்லாஹ்கிட்ட பேசுற நேரம் பாத்து ஜேப்படி!"

"நாத்திகம் பேசாதேம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நானும்தான் ஓதினேன்," என்றார் டாக்டரம்மா.

அப்போது ரவ்யா எழுந்தாள். மகளைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தாள். "டாக்டர், என் பொண்ணுக்கு இன்னிக்கு எடுக்கணும்னு சொன்னீங்களே. எடுங்க. நான் ஓதுறேன். முகத்தை மட்டும் நூல் வந்தப்புறம் தடவிக்கிறேன்."

"நம்பிக்கை இல்லாதவங்க முன்னாடி மூளை திறக்காதும்மா."

"நம்பித்தானே மாத்திரையை நிறுத்தினேன்? நம்பித்தானே என் பொண்ணு கொதிக்கிற பானை பக்கத்துல விழுந்தா? உங்களுக்கு இன்னும் எவ்வளவு நம்பிக்கை வேணும்?"

ரவ்யா சத்தமாக ஓதினாள். மண்டபமும் ஓதியது. ஓதி முடிந்தது. ஒரு கையும் முகத்துக்குப் போகவில்லை. அத்தனை கண்ணும் முஹாபின் வலது கைமேல். கை நோயாளியின் காதுக்குப் போகும் வழியில், பழக்க தோஷம், தானாகவே கோட்டின் இடது கைக்குள் இரண்டு விரலை நுழைத்தது. நுழைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றார்.

ரவ்யா அவரது இடது கையைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். கறுப்பு நூல்கள் பொலபொலவென்று தரையில் விழுந்தன. அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ளே ஒரு தையல் கடையே இருந்தது.

"அது... நேத்து எடுத்தது..." என்றார் விஞ்ஞானி. கோழி வியாபாரி அவர் கழுத்துப்பட்டையைப் பிடிப்பதற்குள் சமையற்கட்டு வழியாக இறங்கி ஓடிவிட்டார். தொப்பி மட்டும் மேசைமேல் மினுங்கிக்கொண்டிருந்தது.

கீழே வந்து ரவ்யா தண்ணீர் கேட்டாள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நிஹால் விழுங்கும் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் டீக்குக் காசு வாங்கவில்லை. என் கண்ணும் கலங்கித்தான் போனது, ஒளிப்பானேன்?

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். கூட்டம் படியிறங்கும்போது பாதிப் பேர் பஹ்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "உஸ்தாத், நீங்களாவது எனக்கு ஒரு முடிச்சு எடுத்துவிடுங்களேன்" என்றார்கள். தரையில் கிடந்த கறுப்பு நூலில் ஒன்றைக் கோழி வியாபாரி எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஆகையால் மகாஜனங்களே, ஓதும்போது கண்ணை மூடுங்கள், ஆட்சேபம் இல்லை. பெட்டி வைத்திருப்பவன் எதிரில் மட்டும் மூடாதீர்கள். என் கல்லாப்பெட்டியும் அதில் சேர்த்திதான்.